ஸ்க்ரூவைக் கழற்றாமலே ஒரு சர்வீஸ்!

மாமல்லபுரம் போனால் உங்கள் காதில் முதலில் விழுவது என்ன? அலைச் சத்தம், உளிச் சத்தம் என்று நீங்கள் சொன்னால், கடைசியாக அந்தப் பக்கம் போய் இருபது வருஷமாவது ஆகியிருக்கும் என்று அர்த்தம்.

இப்போது முதலில் கேட்பது ‘ஙொய்ய்ய்ங்’ என்று பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம். கையில் பிடிக்கிற கட்டிங் மெஷின் கருங்கல்லை அறுக்கிற சத்தம். ஐந்து ரதம் போகிற வழியில் ஒவ்வொரு சிற்பக்கூடத்திலும் மெஷினைப் பிடித்தபடி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் சாம்பல் நிறத் தூசியாக இருக்கும். கண்ணும் மூக்கும் முகமும் முன்பு போலவே உளியில்தான். ஆனால் வேண்டாத கல்லை வெட்டித் தள்ளுகிற முதல் பாதி வேலை மெஷினுக்குப் போய்விட்டது. நாள்கணக்கில் உளியால் கொத்தி எடுத்ததை மெஷின் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அதை வைத்துத்தான் ஆர்டரே பிடிக்கிறார்கள், தேதி சொல்கிறார்கள், அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.

ஆகவே அந்த மெஷின் நின்றால் பிழைப்பும் நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவருக்கு நின்றது. கூட அலைந்தவன் நான் என்பதால், கேள்விப்பட்ட கதையாக இல்லாமல் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ‘பயந்துட்டாரு’ என்று நினைக்காதீர்கள். ஒரு பெயரைச் சொன்னால், ‘நல்லவேளை, நம்ம வீட்டுல இருக்கிறது வேற கம்பெனி’ என்று நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

* * *

மெஷினை வாங்கியது செங்கல்பட்டில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில். விலை மூவாயிரத்து நானூறு. “பில் போடணுமா? போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேரும்” என்று கடைக்காரர் வழக்கமான பாட்டைப் பாடினார். நான் பக்கத்தில் நின்றதால், “போடுங்க” என்றேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி.

ஆறு மாத வாரன்டி. நான்காவது மாதம், ஒரு கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் பிள்ளையார் செய்துகொண்டிருந்தபோது மெஷின் பட்டென்று நின்றது. ஸ்விட்சை அழுத்தினால் மூச்சே இல்லை. சர்வீஸ் சென்டர் எங்கே என்று வாரன்டி அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஆங்கிலம். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன். விற்பதற்குச் செங்கல்பட்டில் கடை இருக்கிறது. ரிப்பேருக்குச் சென்னை போக வேண்டும்!

இனி நடந்தது எல்லாம் டைரிக் குறிப்பு.

முதல் நாள்: மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அதில் நம்பர் இருந்தது, தேதி இருந்தது. மெஷினுக்கு என்ன கோளாறு என்று ஒரு வரி இல்லை. “பார்த்துட்டு போன் பண்றோம் சார்.”

நான்காம் நாள்: போன் வரவில்லை. நாங்களே பண்ணினோம். “டெக்னீஷியன் லீவு சார்.”

ஒன்பதாம் நாள்: “ஸ்பேர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வரணும் சார்.” என்ன ஸ்பேர்? “அது டெக்னீஷியனுக்குத்தான் தெரியும் சார்.”

பதினான்காம் நாள்: “ஓவர்லோடு சார். ஆர்மேச்சர் போயிடுச்சு. வாரன்டில வராது.”

பத்தொன்பதாம் நாள் நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கத்தவில்லை, எரிந்து விழவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆர்மேச்சர், லேபர், வரி எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்றார். “இன்னும் ஆயிரத்து ஐந்நூறு போட்டீங்கன்னா புதுசே வாங்கிடலாமே சார்” என்று ஒரு யோசனையும் சொன்னார். எப்படி ஓவர்லோடு என்று கேட்டேன். “கருங்கல்லுக்கு யூஸ் பண்ணியிருக்கீங்க. இது வீட்டு உபயோகத்துக்கு உள்ள மாடல்.”

பெட்டி கையில்தான் இருந்தது. ஓர் ஆள் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லை அறுப்பதாக அதன் மேல் கலர் படம் போட்டிருந்தார்கள். காட்டினேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார்? படம் போட்டவரும் அட்டையில் நிபந்தனை எழுதியவரும் ஒரே கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வைண்டிங் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கடை என்றால் எட்டடிக்கு எட்டடி. மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி இது: “அண்ணே, யாரு இதைத் திறந்து பார்த்ததா சொன்னாங்க?”

ஏன் என்று கேட்டார் சிற்பி.

“ஸ்க்ரூ தலையைப் பாருங்க. கல்தூசி அப்படியே சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்குது. டிரைவர் வெச்சுத் திருகியிருந்தா இது உதிர்ந்திருக்கும்ல?”

நாலு ஸ்க்ரூ. நாலிலும் தூசி. மாமல்லபுரத்தில் ஏறிய தூசி சென்னையில் பத்தொன்பது நாள் தங்கிவிட்டு ஒரு துகள் குறையாமல் திரும்பி வந்திருக்கிறது. அதாவது அந்த மெஷினை யாரும் திறக்கவே இல்லை. திறக்காமலே ஆர்மேச்சர் போய்விட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிற வைத்தியர் உண்டு. நோயாளியைப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு எஸ்டிமேட் போடுகிற வைத்தியரை நான் அன்றுதான் பார்த்தேன்.

வைண்டிங் கடைக்காரர் தூசியைக் குத்தி எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தார். பத்து நிமிஷம். ஸ்விட்ச்சிலிருந்து கார்பனுக்குப் போகிற ஒயர் அதிர்ச்சியில் விட்டுப்போயிருந்தது. ஆர்மேச்சர் குத்துக்கல்லாக இருந்தது. ஒயரைப் பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டார். ‘ஙொய்ய்ய்ங்.’

அறுபது ரூபாய். கூடவே ஓர் எச்சரிக்கை: “அண்ணே, இப்ப நான் திறந்துட்டேன். இனிமே வாரன்டி கிடையாதும்பாங்க.”

* * *

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு. போட்டுப் பார்த்தேன்.

சென்னைக்கு இரண்டு நடை. அந்த இரண்டு நாள் கூலி, ஆயிரத்து இருநூறு வீதம், இரண்டாயிரத்து நானூறு. பஸ், டீ எல்லாம் சேர்த்து முந்நூறு. மீதி பதினேழு நாளும் வாடகைக்கு மெஷின் எடுத்து வேலை பார்த்தார். நாளுக்கு நூற்றைம்பது வீதம் இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது. மொத்தம் ஐயாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். மெஷின் விலை மூவாயிரத்து நானூறு. பழுதின் விலை அறுபது.

இதில் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது எவ்வளவு? பூஜ்யம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ரிப்பேரைத் தாமதம் செய்தால் செலவு முழுக்க வாங்கியவன் தலையில் விழுகிறது. தாமதம் செய்தவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. போதாக்குறைக்கு அலுத்துப்போய் நீங்கள் புதுசு வாங்கினால் லாபம்! இப்படி ஏற்பாடு இருந்தால் யார்தான் ஸ்க்ரூவைக் கழற்றுவான்? கவுன்டரில் இருக்கிற பெண்ணோ, லீவில் போன டெக்னீஷியனோ கெட்டவர்களாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அவர்களை எத்தனை நல்லவர்களாக மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வாரன்டி என்பதே ஒரு கடன் பத்திரம். ‘ஆறு மாதத்துக்குள் பழுதானால் சரிசெய்து தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த கடன். அந்தக் கடனுக்கான பணத்தை விலையில் சேர்த்து முன்பே வசூல் செய்துகொண்டாகிவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு, கேட்கும்போது ‘டெக்னீஷியன் லீவு’ என்று சொல்வதற்கு நம்ம ஊரில் வேறு பெயர் உண்டு. சீட்டுக் கம்பெனிக்காரன் இதைச் செய்தால் போலீஸுக்குப் போகிறோம். மெஷின் கம்பெனி செய்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கருங்கல் தூசி சாதாரணத் தூசி இல்லை. பேரிங்குக்குள் போனால் அரம் மாதிரி ராவும். காற்றுத் துளையை அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறும். வோல்டேஜ் குறையும்போது மேலே ஏறி அழுத்துகிறவர்கள் உண்டு. டூப்ளிகேட் கார்பன் போடுகிறவர்கள் உண்டு. பிளேடைச் சுற்றியிருக்கிற பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பிளேடு அது. விரலைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். மூக்கில் துணிகூடக் கட்டாமல் கல்தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் என்ன ஆகும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லாம் சரி. தப்பு என் பக்கம் என்றால் மெஷினைத் திறந்து, கருகிய காயிலைக் காட்டி, ‘இதோ பாருங்கள், உங்களால் ஆனது’ என்று சொல்லுங்கள். தலைகுனிந்து காசு கொடுக்கிறோம். திறந்து பார்க்காதவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது? இன்னொன்று, இவ்வளவு ஆபத்தான கருவி என்றால் அதைச் சரியாக ரிப்பேர் செய்து கொடுப்பதுதானே முதல் பாதுகாப்பு? ‘வெளியில் திறந்தால் ஆபத்து, வாரன்டி போய்விடும்’ என்று மிரட்டிவிட்டு, உள்ளேயும் திறக்காமல் இருந்தால் எப்படி?

* * *

‘தொழிலுக்குப் பயன்படுத்தினால் நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நிறையப் பேர் நம்பியும் விடுகிறார்கள். இது பாதி உண்மை, ஆகவே முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்கவில்லை. 1993-ல் ஒரு திருத்தம் வந்தது. சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்துகிற பொருளுக்கு அந்தத் தடை இல்லை என்று விளக்கம் சேர்த்தார்கள். இதற்குச் சரியான அர்த்தம் சொன்ன வழக்கில் நம்ம கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய கம்ப்யூட்டர் இயந்திரம் தாமதமாக, குறையோடு வந்தது என்று தொடுத்த வழக்கு. 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

வாங்கியவர் தோற்றார். அது பெரிய தொழில், வணிக நோக்கம் என்றது கோர்ட். ஆனால் தோற்ற வழக்கிலிருந்து சின்னத் தொழிலாளிக்கு ஒரு பெரிய உபகாரம் கிடைத்தது. டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர், கார் வாங்கித் தானே டாக்சி ஓட்டுபவர், லேத் மெஷின் வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவர் எல்லாம் நுகர்வோர்தான் என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டால்கூட அந்த உரிமை போகாது என்றார்கள். பக்கத்தில் எடுபிடிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டு கட்டிங் மெஷின் பிடிக்கிற மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்? 2019-ல் வந்த புதுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

புதுச் சட்டத்தில் இன்னும் சில நல்ல விஷயங்கள் உண்டு. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கும் முன்னால் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் புகார் பதியலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அறுபது ரூபாய்ப் பழுதுக்கு ஒரு சிற்பி சட்டம் படித்து, மனு எழுதி, கூலியை விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்கு நடக்க வேண்டும். லேபில் பரிசோதிக்க வேண்டுமென்றால் அதற்கான பணத்தையும் முதலில் அவர்தான் கட்ட வேண்டிவரும். இப்படி யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் திறக்காத ஸ்க்ரூவின் தைரியம்.

வராதவர்களுக்காக அரசாங்கம் ஏதாவது செய்ததா என்றால், செய்தது. ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் தொடங்கியது. கையேடு, ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் விவரம் எல்லாவற்றையும் கம்பெனிகள் அங்கே தரவேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனை. எந்தப் பொருட்களுக்கு? விவசாயக் கருவி, செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம். நான்கே துறை. கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், மர இழைப்பு மெஷின் என்று கையில் பிடித்து வேலை செய்கிற கருவிகளுக்கு அதில் தனி இடமில்லை. செல்போன் கெட்டால் நமக்குக் கை உடைந்த மாதிரி இருக்கிறது. மெஷின் கெட்டால் சிற்பிக்கும் தச்சருக்கும் பிளம்பருக்கும் அடுப்பு அணைகிறது. எது முதலில் வந்திருக்க வேண்டும்?

பிரான்சில் 2021-லிருந்து சில பொருட்களின் மேல் ‘எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்’ என்று பத்துக்கு மார்க் போட்டு விற்க வேண்டும். முதல் பட்டியலிலேயே செல்போன், டி.வி.யோடு புல்வெட்டும் மெஷினும் இருந்தது. புல்வெட்டுகிறவனுக்கு அங்கே இருக்கிற மரியாதை, கல்வெட்டுகிறவனுக்கு இங்கே கிடையாதா?

மரியாதை என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் மட்டும் நாம் குறை வைப்பதில்லை. 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தை உலகக் கற்சிற்ப நகரம் என்று அறிவித்தது. அப்புறம் அந்தக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வாங்கினோம். 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் அர்ஜுனன் தபசு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பட்டம், படம் எல்லாம் கிடைத்தது. அந்தச் சிற்பத்தைச் செய்கிறவன் மெஷின் நின்றால் போய் நிற்க, பக்கத்தில் ஓர் உருப்படியான சர்வீஸ் சென்டர்தான் கிடைக்கவில்லை!

* * *

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் என்ன கோளாறு என்று எழுதி, என்றைக்குத் தருவோம் என்று தேதி போட்ட ரசீது. ‘வாரன்டியில் வராது’ என்றால், திறந்து பார்த்தது யார், என்ன பார்த்தார் என்று எழுத்தில் பதில். சர்வீஸில் கிடக்கிற நாட்களை வாரன்டியில் கூட்டிக் கொடுப்பது. ஏழு நாளுக்கு மேல் போனால் மாற்று மெஷின். ஸ்பேர் பார்ட்ஸும் விலைப் பட்டியலும் திருக்கழுக்குன்றம் வைண்டிங் கடைக்காரருக்கும் கிடைப்பது. விற்பது தமிழ்நாட்டில் என்றால் வாரன்டி அட்டை தமிழில். மெஷினைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒன்றுகூட முடியாத காரியம் இல்லை.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் சும்மா இருக்கவில்லை. பில், டோக்கன், வைண்டிங் கடை ரசீது, ஸ்க்ரூ தலையின் போட்டோ எல்லாம் வைத்து ஒரு கடிதம் எழுதினேன். கீழே பத்திரிகையாளன் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். நாலாம் நாள் ஏரியா மேனேஜர் போன். “சாரி சார், கம்யூனிகேஷன் கேப்.” ஆறாம் நாள் ஒரு புது மெஷின் சிற்பக்கூடத்துக்கே வந்து இறங்கியது. கூடவே ஒரு தாள்: ‘எனக்கு இனி எந்தப் புகாரும் இல்லை.’

“கையெழுத்துப் போடாதீங்க ஸ்தபதி, கேஸ் போடலாம்” என்றேன்.

அவர் பாதியில் நின்ற பிள்ளையாரைப் பார்த்தார். “கும்பாபிஷேகத் தேதி குறிச்சாச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஊர் திரும்பும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது சட்டம் இல்லை, கம்பெனியின் மனசாட்சியும் இல்லை. என் பெயருக்குக் கீழே இருந்த ஒரு வார்த்தை. அதே தெருவில் மெஷின் பிடிக்கிற மற்றவர்களுக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. அவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதைக் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால், ‘இன்னும் ஆயிரத்து ஐந்நூறு’ போட்டிருப்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மிக்சியோ, மோட்டாரோ, டிரில்லிங் மெஷினோ, சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் செல்போனில் அதன் ஸ்க்ரூ தலையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது பில்லைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள். தூசி அப்படியே இருந்தால், அந்தக் கவுன்டரை விட்டு நகராதீர்கள். சத்தமாகக் கேளுங்கள்.

“யாருங்க இதைத் திறந்து பார்த்தது?”